உஃபீசி அருங்காட்சியகத்துக்குத் தனிக் கைடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் போகிறவர்களில் பலர் ஃபுளோரன்ஸுக்கு ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு நாளில் பாதியை உஃபீசி எடுத்துக்கொள்ளும். போட்டிசெல்லி, லியோனார்டோ டா வின்சி, மைக்கலாஞ்சலோ, ரஃபேல், டிஷியன், கரவாஜியோ என்று மறுமலர்ச்சி காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னரும் வந்த ஓவியர்களின் பெரிய பெயர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. கைடு வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு ஆகும், எதைப் பார்ப்பது என்று கிளம்புவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

தனிக் கைடு உண்மையிலேயே தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஒரு ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் பேசாமல் நிற்கப் பிடிப்பவர்களுக்கும், போவதற்கு முன்பே நன்றாகப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் கைடு இடைஞ்சல்தான். அவர்கள் டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

மற்றவர்களுக்கு என் பதில்: கூட நாலைந்து பேர் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். உஃபீசி பெரிய இடம். ஆரம்ப அறைகளில் தங்கப் பின்னணியில் மாதாவும் குழந்தையும், மறுபடியும் மாதாவும் குழந்தையும் என்று வந்துகொண்டே இருக்கும். எது முக்கியம், எது சுமார் என்று தெரியாமல் எல்லாவற்றின் முன்னாலும் இரண்டு நிமிடம் நின்றால், போட்டிசெல்லி அறைக்கு வரும்போதே கால் வலி ஆரம்பித்துவிடும். கரவாஜியோ அறைக்கு வரும்போது யாருக்கும் எதிலும் மனம் ஒட்டாது. நல்ல கைடு பாதிக்கு மேற்பட்ட அறைகளை எட்டிக்கூடப் பார்க்காமல் உங்களைக் கடத்திக்கொண்டு போய், பன்னிரண்டு பதினைந்து ஓவியங்களின் முன்னால் மட்டும் நிறுத்துவார். நீங்கள் கொடுக்கும் காசு முக்கியமாக அதற்குத்தான். வருடங்களும் பெயர்களும் ஆடியோ கைடிலேயே கிடைத்துவிடும்.

தனிக் கைடுக்கும் குழுவோடு போவதற்கும் என்ன வித்தியாசம்?

குழுவில் முன்பின் தெரியாத இருபது பேரோடு, காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, தூக்கிப் பிடித்த குடையையோ கொடியையோ பின்தொடர்ந்து போவீர்கள். கைடு பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். செலவு குறைவு. தனிக் கைடு உங்கள் குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ மட்டும் வருவார். இடையில் நிறுத்தி "அந்த மூலையில் இருப்பவர் யார்?" என்று கேட்கலாம். அப்பாவுக்கு முட்டி வலித்தால் பத்து நிமிடம் உட்காரலாம். பையனுக்குப் போரடித்தால் நேராகக் கரவாஜியோ வரைந்த மெடூசா படத்துக்குப் போகலாம்.

எவ்வளவு செலவாகும்?

உரிமம் பெற்ற தனிக் கைடு இரண்டு மணி நேரத்துக்கு 150 முதல் 250 யூரோ வரை கேட்பது வழக்கம். இது குழுவுக்கு மொத்தமாக, தலைக்கு அல்ல. அதனால் இரண்டு பேருக்கு இது கையைக் கடிக்கும், ஆறு பேருக்குப் பகிர்ந்தால் பரவாயில்லை.

டிக்கெட் தனி. பெரியவர்களுக்கு 25 யூரோவை ஒட்டி இருக்கும், நேரம் குறித்து முன்பதிவு செய்ய 4 யூரோ கூடுதல். எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம், ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். உரிமம் உள்ள கைடுக்கு நீங்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்க்க அசல் தளம் போலவே இருக்கும் இடைத்தரகர் தளங்கள் ஏகப்பட்டவை உண்டு. அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பார்கள்.

கைடு நிஜமான கைடுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இத்தாலியில் சுற்றுலாக் கைடு தொழிலுக்கு உரிமம் கட்டாயம். தேர்வு எழுதித் தேற வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டத்தால் இது நாடு முழுமைக்கும் ஒரே தேர்வாக ஆகியிருக்கிறது. உரிமம் உள்ளவரிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டால் காட்டத் தயங்க மாட்டார். வாசலிலும் முற்றத்திலும் "வரிசையில் நிற்க வேண்டாம், என்னோடு வாருங்கள்" என்று அணுகுபவர்களிடம் ஒதுங்கியே இருங்கள்.

அட்டை மட்டும் போதாது. பதிவு செய்யும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். "எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். எந்தெந்த ஓவியங்களைக் காட்டுவீர்கள், எதை விடுவீர்கள்?" என்று கேளுங்கள். "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். "நீங்கள் இதற்கு முன் என்ன பார்த்திருக்கிறீர்கள், குழந்தைகளுக்கு என்ன வயது?" என்று திருப்பிக் கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மொழி ஆங்கிலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மெதுவாகப் பேசி, நீங்கள் தமிழில் சொல்ல இடைவெளி விட்டு, மறுபடி தொடர்வார். அந்த வசதி குழுவில் கிடைக்காது. ஆனால் இப்படிப் போனால் பார்க்கும் ஓவியங்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 8.15க்குத் திறக்கிறார்கள், மாலை 6.30 வரை. முதல் நேரமே சிறந்தது. அந்த நேரத்தில் நுழைந்தால் சில கைடுகள் வரிசையை மாற்றி, கூட்டம் சேர்வதற்குள் நேராகப் போட்டிசெல்லி அறைக்கு அழைத்துப் போய்விட்டுப் பிறகு பழைய ஓவியங்களுக்குத் திரும்புவார்கள். கால வரிசை கெட்டுப்போகுமே என்று கவலைப்பட வேண்டாம். பத்து மணிக்கு மேல் அந்த அறையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கைபேசித் திரைகளைத்தான். காலையில் முடியாதென்றால் மாலை நான்கு மணியை ஒட்டி வாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அன்று முன்பதிவு கிடையாது, வரிசை நீளும். காசு மிச்சம் என்று அந்த நாளில் தனிக் கைடைக் கூப்பிடுவது வீண்.

எத்தனை மணி நேரம் கைடு வேண்டும்?

இரண்டு. மூன்று மணி நேரத் திட்டம் காகிதத்தில் லாபமாகத் தெரியும், மூன்றாவது மணி நேரத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கைடு விடைபெற்ற பிறகும் நீங்கள் உள்ளேயே இருக்கலாம். மேல்தளத்தில் ஒரு காப்பிக் கடை உண்டு. அதன் திறந்த மாடியிலிருந்து பழைய அரண்மனையான பலாசோ வெக்கியோவின் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு, பிடித்த இரண்டு ஓவியங்களைத் தனியாகப் போய்ப் பாருங்கள். வெளியே வந்துவிட்டால் மட்டும் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது.

டாவிட் சிலையும் மோனா லிசாவும் எந்த அறையில்?

இரண்டும் இங்கே இல்லை. மைக்கலாஞ்சலோவின் டாவிட், இதே ஊரில் அக்காதெமியா என்ற வேறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். உஃபீசிக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் நிற்பது அதன் நகல். மோனா லிசா பாரிஸில். ஆனால் அவள் ஒருமுறை இங்கே வந்திருக்கிறாள். 1911இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து அவளைத் திருடிய இத்தாலியத் தொழிலாளி, 1913இல் ஃபுளோரன்ஸ் கலைப்பொருள் வியாபாரி ஒருவரிடம் விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். அசல்தான் என்று உறுதி செய்தவர் அப்போதைய உஃபீசி இயக்குநர். பிரான்சுக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன் சில நாள் உஃபீசியில் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்தக் கட்டடமும் படங்களும் யாருடையவை?

கட்டடம் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டியது. 1560இல், ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சிக் குடும்பத்தின் முதலாம் கோசிமோவுக்காக, ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஜார்ஜோ வசாரி கட்டத் தொடங்கினார். நிர்வாகம் கீழே நடக்க, மெடிச்சிக் குடும்பம் தன் சேகரிப்பை மேல்தளத்தில் வைத்துக்கொண்டது. 1584இல் கட்டிய எண்கோண அறை ஒன்று, திரிபூனா என்று பெயர், இன்னும் அப்படியே இருக்கிறது. குவிமாடத்தின் உட்புறம் முழுக்க முத்துச்சிப்பிகள் பதித்திருப்பார்கள். உள்ளே நுழைய விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் ஃபுளோரன்ஸை விட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு பெண். மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு ஆன்னா மரியா லூயிசா. பிள்ளைகள் இல்லை, ஆட்சி வேறு குடும்பத்துக்குப் போவது உறுதியாகிவிட்டது. 1737இல் ஒப்பந்தம் எழுதும்போது, குடும்பத்தின் கலைச் சொத்து முழுவதையும் அரசுக்குக் கொடுக்கிறேன், ஆனால் எதுவும் இந்த ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று நிபந்தனை போட்டார். 1769இல் உஃபீசி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நமக்கு ஒரு சின்ன ஒட்டுறவும் உண்டு: ஆன்னாவுடைய அப்பா மூன்றாம் கோசிமோதான், கோவாவில் புனித சவேரியாரின் உடல் இருக்கும் பளிங்குக் கல்லறை மேடையை ஃபுளோரன்ஸில் செய்து அனுப்பியவர். முத்துக்குளித்துறை ஊர்களிலிருந்து கோவாவுக்குப் போய்ச் சவேரியாரை வணங்கி வந்தவர்கள், மெடிச்சி காசில் செய்த ஒரு வேலைப்பாட்டை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

கைடு அப்படி என்னதான் காட்டுவார், நாமே பார்த்தால் தெரியாதா?

சிலது தெரியும். சிலது யாராவது விரலை நீட்டினால்தான் தெரியும்.

முதல் அறைகளில் ஒன்றில் மூன்று பெரிய மாதா படங்கள் இருக்கின்றன. வரைந்தவர்கள் சிமாபுவே, தூச்சோ, ஜோத்தோ. மூன்றும் சுமார் இருபத்தைந்து வருட இடைவெளிக்குள் வரைந்தவை. தூச்சோவுடையது 1285இல் கேட்டு வாங்கியது, நாலரை மீட்டர் உயரம். அவசரமாக வருகிறவர் மூன்றையும் ஒரே படமாக நினைத்துத் தாண்டிவிடுவார். கைடு இங்கேதான் நிறுத்துவார். தூச்சோவின் வானதூதர்களின் முழங்கால்களைப் பாருங்கள் என்பார். மண்டியிட்டிருக்கிறார்கள், ஆனால் கீழே தரை இல்லை, அந்தரத்தில் தொங்குகிறார்கள். அப்புறம் ஜோத்தோ. இங்கே மாதாவின் முழங்கால் துணிக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வருகிறது, துணிக்கு அடியில் மார்பின் வடிவம் தெரிகிறது, உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு எடை இருக்கிறது. பின்வரிசைத் தேவதைகளை முன்வரிசை மறைக்கிறது, அதாவது படத்துக்குள் ஆழம் வந்துவிட்டது. மறுமலர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தது என்ன என்று இந்த ஒரு அறையிலேயே புரிந்துவிடும். கைடு இந்த அறையை ஐந்து நிமிடத்தில் முடித்தால் "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

கொஞ்ச தூரத்தில் உர்பீனோ என்ற சிறு நாட்டின் கோமகனும் கோமகளும், பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்தது. இருவரும் பக்கவாட்டில் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். கோமகன் ஏன் எப்போதும் இடது முகத்தையே காட்டுகிறார்? வலது கண்ணைப் போர் விளையாட்டு ஒன்றில் இழந்தவர். மூக்கின் மேல் பள்ளம் வெட்டியதுபோல் இருக்கும், அதையும் மருவையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார். பலகையின் பின்பக்கமும் ஓவியம்தான். சுற்றிப் போய்ப் பார்க்க மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் மறக்கிறார்கள்.

லியோனார்டோ அறையில் "கிறிஸ்துவின் ஞானஸ்நானம்". இதை வரைந்தவர் அவருடைய குரு வெரோக்கியோ. இடது ஓரத்தில் இரண்டு தேவதைகள். ஒருவர் நம்மைப் போலச் சும்மா வேடிக்கை பார்க்கிறார். இன்னொருவர், முதுகைப் பாதி திருப்பியவர், உடம்பை முறுக்கி நிமிர்ந்து பார்க்கிறார், சுருள் முடியில் வெளிச்சம் விழுகிறது. அது இளைஞர் லியோனார்டோவின் கை. குரு பழைய முட்டைக்கரு வண்ணத்தில் வரைய, சிஷ்யன் எண்ணெய் வண்ணத்தில் இறங்கிவிட்டார். இதைப் பார்த்த குரு அதற்குப் பிறகு தூரிகையே தொடவில்லை என்று, ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளையும் எழுதிய அதே வசாரி சொல்லியிருக்கிறார். வசாரிக்குக் கதையைச் சற்று இழுத்துச் சொல்லப் பிடிக்கும் என்பதால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்று தெரியும்.

அதே அறையில் லியோனார்டோ முடிக்காமல் விட்ட "மூன்று ஞானிகளின் வணக்கம்" இருக்கிறது. 1481இல் தொடங்கி, மிலானுக்குக் கிளம்பிப்போய்விட்டார். பழுப்பு நிறத்தில் வெறும் கோடுகளும் நிழல்களுமாக ஏதோ வீணாய்ப்போன பலகைபோல் இருக்கும். 2017இல் சுத்தம் செய்து முடித்த பிறகு பின்னணியில் சண்டையிடும் குதிரைகள் நன்றாகத் தெரிகின்றன. எனக்கு முடித்த படங்களைவிட இதுதான் பிடிக்கும், ஓவியர் யோசித்துக்கொண்டிருப்பதையே பார்ப்பதுபோல் இருக்கிறது.

போட்டிசெல்லியின் வீனஸ் அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான், ஆனால் பக்கத்தில் இருக்கும் "வசந்தம்" இன்னும் அதிக நேரம் கேட்கும் படம். காதல் தேவதை வீனஸ் சிப்பியில் நிற்கும் படம் துணியின் மேல் வரைந்தது, "வசந்தம்" மரப்பலகையில். வீனஸின் கழுத்து அளவுக்கு மீறி நீளம், இடது தோள் சரிந்து இறங்குகிறது, அப்படி யாரும் நிற்க முடியாது. போட்டிசெல்லிக்குத் தெரியாமல் இல்லை, கோட்டின் ஓட்டத்துக்காகச் செய்தது. முடியில் தங்கக் கீற்றுகள் இருக்கின்றன, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் மின்னும்.

"வசந்தம்" படத்தில் காலடிப் புல்வெளியைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தாவரவியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வலது ஓரத்தில் நீல நிறக் காற்று தேவன் ஒரு பெண்ணைப் பிடிக்கிறான். அவள் வாயிலிருந்து பூக்கள் உதிர்கின்றன. அடுத்து நிற்கும் பூ உடைக்காரி அவளே உருமாறியவள் என்பது பரவலான விளக்கம். அதாவது படத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இதைச் சொல்லாத கைடு உங்கள் காசுக்கு வேலை செய்யவில்லை.

மைக்கலாஞ்சலோ, ரஃபேல்?

மைக்கலாஞ்சலோவின் வட்ட வடிவத் திருக்குடும்பம், "தோனி தோந்தோ", அவர் ஆன்னியோலோ தோனி என்ற வியாபாரிக்காக வரைந்தது. சட்டகமும் அந்தக் காலத்து அசல். மாதாவின் கைகளைப் பாருங்கள், சிற்பி வரைந்த கைகள். இதிலும் வசாரி ஒரு கதை வைத்திருக்கிறார்: கேட்ட விலை 70 காசு, தோனி 40 கொடுத்து அனுப்பினார், மைக்கலாஞ்சலோ "100 கொடு, இல்லை படத்தைக் கொடு" என்றார், தோனி சரி 70 தருகிறேன் என்று இறங்கிவர, அவர் 140 கேட்டு வாங்கிவிட்டாராம். தோனியும் அவர் மனைவியும் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க ஆசையா? ரஃபேல் வரைந்த அவர்களுடைய உருவப்படங்களும் இங்கேயே இருக்கின்றன. ஆளைப் பார்த்தால் பேரம் பேசியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ரஃபேலின் "குருவியோடு மாதா" 1547இல் வீடு இடிந்து விழுந்ததில் 17 துண்டுகளாக உடைந்த படம். அந்தக் காலத்திலேயே ஆணி அடித்து ஒட்டினார்கள். பத்து வருடம்போல நடந்த நவீனச் சீரமைப்பு 2008இல் முடிந்தது. எங்கே உடைந்தது என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடிப்பது கஷ்டம்.

பைபிள் கதையும் கிரேக்கப் புராணமும் தெரியாது. ஒன்றும் புரியாமல் போய்விடுமா?

ஐந்தாறு கதைகள் தெரிந்தால் முக்கால்வாசி ஓவியங்கள் திறந்துகொள்ளும். மரியாளிடம் கபிரியேல் தூதர் வந்து மங்கள வார்த்தை சொல்வது, இது எத்தனையோ தடவை வரும், தூதர் கையில் லில்லிப் பூ இருந்தால் இதுதான். மூன்று ஞானிகள் குழந்தையைப் பார்க்க வருவது. ஒட்டக ரோமம் அணிந்த திருமுழுக்கு யோவான், இவர் ஃபுளோரன்ஸின் பாதுகாவலர் என்பதால் எங்கும் இருப்பார். எதிரித் தளபதியின் தலையை வெட்டும் யூதித்து. கிரேக்கப் புராணத்தில் அஃப்ரொடைட்டி, அவளுடைய ரோமானியப் பெயர்தான் வீனஸ், பிறகு பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசா. சிவப்பு அங்கியில் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் கோஸ்மாஸ், தமியான் என்ற மருத்துவப் புனிதர்களாக இருக்கலாம். மெடிச்சிக் குடும்பத்துக்குப் பிடித்தவர்கள். போவதற்கு முந்தின நாள் ராத்திரி குழந்தைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லி வைத்தால், மறுநாள் அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

குழந்தைகளோடு போகலாமா? நிர்வாண ஓவியங்கள் இருக்குமே?

இருக்கும், சிலைகள் உட்பட நிறைய. குழந்தைகள் ஒரு நிமிடம் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். சங்கடப்படுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். டிஷியனின் "உர்பீனோ வீனஸ்" முன்னால் பேச்சு வராது என்றால் அந்த அறையை விட்டுவிடும்படி கைடிடம் தனியாகச் சொல்லலாம்.

ரத்தம் வேறு விஷயம். ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கியின் யூதித்து, 1620ஐ ஒட்டி வரைந்தது, சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தலாம். ரத்தம் கழுத்திலிருந்து பீய்ச்சியடிக்கிறது, வெள்ளை மெத்தையின் விளிம்பில் வழிந்து இறங்குகிறது. யூதித்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உடம்பை ரத்தத்திலிருந்து விலக்கி, கையை மட்டும் நீட்டி அறுக்கிறாள். பணிப்பெண் தளபதியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறாள். இந்த வேலை செய்ய எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்து வரைந்திருக்கிறார். பெரியவர்கள் தவறவிடக் கூடாத படம் இது. கைடுகள் நேரம் முடிந்துவிட்டது என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். கரவாஜியோவின் மெடூசாவும் கீழ்த்தளத்தில்தான், நிஜக் கேடயத்தின் வளைந்த பரப்பில் வரைந்தது. பத்து வயதுப் பையன்களுக்கு அதற்கு மேல் எதுவும் பிடிக்காது.

வயதான அம்மா அப்பா நடந்து சமாளிப்பார்களா?

பார்வை மேல்தளத்தில் ஆரம்பிக்கிறது. ஏற வேண்டிய படிகள் நிறைய, உயரமும் கூட. லிஃப்ட் உண்டு, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதைத் திறந்துவிடுவார்கள், நுழைந்ததும் ஊழியரிடம் கேளுங்கள். சக்கர நாற்காலியும் கேட்டால் கிடைக்கும். நீள நடைக்கூடங்களில் உட்கார பெஞ்சுகள் இருக்கின்றன. மேல்தளத்தில் இரண்டு நீளக் கூடங்களை இணைக்கும் குட்டைக் கூடத்தின் ஜன்னல் பக்கம் அவர்களை நிறுத்துங்கள். ஆர்னோ ஆறும் பொன்தே வெக்கியோ பாலமும் தெரியும். ஊர் வெளியே நின்று எடுக்கும் எந்தப் புகைப்படமும் இந்த ஜன்னலுக்கு ஈடாகாது.

அந்தப் பாலத்தின் மேலே போகும் ரகசிய வழியைப் பார்க்க முடியுமா?

வசாரி நடைவழியைச் சொல்கிறீர்கள். 1565இல் மெடிச்சி வீட்டுக் கல்யாணத்தை ஒட்டி ஐந்தே மாதத்தில் கட்டியது. ஆட்சியாளர்கள் தெருவில் கால் வைக்காமல் பலாசோ வெக்கியோவிலிருந்து உஃபீசி வழியாக, பாலத்தின் மேல் நடந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பிட்டி அரண்மனைக்குப் போகலாம். அப்போது பாலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593இல் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களுக்குக் கொடுத்தார்கள், இன்றும் அங்கே நகைக் கடைகள்தான்.

பல வருடம் மூடியிருந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உஃபீசியோடு சேர்ந்த தனி டிக்கெட்டும் தனி நேரமும் வேண்டும். உள்ளே முன்பு மாட்டியிருந்த ஓவியர்களின் சுய உருவப்படங்கள் உஃபீசி அறைகளுக்கு வந்துவிட்டதால், இப்போது அது வெறும் சுவரும் ஜன்னலுமான நடைவழி. முதல் தடவை போகிறவர்கள் அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

புகைப்படம், பை, தண்ணீர்?

ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். செல்ஃபிக் குச்சி, முக்காலி கூடாது. 2025 ஜூனில் ஒரு பார்வையாளர் மெடிச்சி இளவரசர் ஒருவரின் உருவப்படத்தைப் போலவே நின்று படம் எடுக்கப்போய், தடுமாறிச் சாய்ந்து அந்த ஓவியத்தைச் சேதப்படுத்திவிட்டார். அதிலிருந்து ஊழியர்கள் இன்னும் கவனமாக இருக்கிறார்கள், பின்னால் நகரும்போது பார்த்து நகருங்கள். முதுகுப்பை, குடை இவற்றை இலவசப் பொருள் காப்பகத்தில் கொடுத்துவிட வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், பெரியது வேண்டாம். நுழைவில் விமான நிலையம் போல் சோதனை உண்டு, அதற்காகக் குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள்.

பழைய கையேடுகளில் இருக்கும் அறை எண்கள் இப்போது பொருந்தாது. எண்களை மாற்றிவிட்டார்கள். அறை எண்ணை நம்பாமல் ஓவியத்தின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

கைடுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. பேசிய தொகையே முழுக் கூலி. நேரம் போனது தெரியாமல் கூடுதலாக இருபது நிமிடம் இருந்து சொல்லிக்கொடுத்தார் என்றால் பத்து இருபது யூரோ கொடுக்கலாம், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

முடிந்ததும் பக்கத்தில் என்ன சாப்பிடலாம்?

சைவம் என்றால் சீஸும் காய்கறியும் வைத்த ஸ்கியாச்சாத்தா என்ற தட்டை ரொட்டி எங்கும் கிடைக்கும், சுடச்சுட. ரிபொல்லீத்தா என்பது பீன்ஸும் கீரையும் ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டி சூப், வயிறு நிறையும், ஆனால் இறைச்சி வடித்த தண்ணீரில் வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவண்டிகளில் லாம்ப்ரெதோத்தோ என்று எழுதியிருந்தால் அது மாட்டின் இரைப்பை. சாப்பிடுபவர்கள் பச்சை சாஸ் சேர்த்துக் கேளுங்கள். சதுக்கத்தைப் பார்த்த மேசைகளில் உட்கார்ந்தால் அந்தக் காட்சிக்கும் சேர்த்து பில் வரும். இரண்டு தெரு தள்ளிப் போனால் விலை இறங்கிவிடும்.